போபோஸ்-2 கலத்தை வீழ்த்தியது யார்?

1989ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு சோவியத் விண்கலம் பேச்சை நிறுத்திக்கொண்டது. அதன் பெயர் போபோஸ்-2. இந்தச் செய்தியை அறிவியல் நூல்களில் நீங்கள் படித்திருக்கிறீர்களோ இல்லையோ, மர்மக் கதைகளின் வரிசையில் எங்காவது படித்திருப்பீர்கள். கதை இப்படிப் போகும்: செவ்வாயின் சிறு சந்திரனாகிய போபோஸை விண்கலம் நெருங்கிற்று. அப்போது சுருட்டுப் போல் நீண்ட ஏதோ ஒன்று எதிரே வந்தது. கலம் அதைப் படம் பிடித்துப் பூமிக்கு அனுப்பியது. அடுத்த கணமே கலம் அழிந்தது. ரஷ்யர்கள் படத்தை மறைத்துவிட்டார்கள்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. கொலைக் கதைக்கு வேண்டிய யாவும் இதில் உண்டு. இறந்தவன் உண்டு, கொன்றவன் உண்டு, சாகுமுன் இறந்தவன் விட்டுச்சென்ற சாட்சியமும் உண்டு. ஆனால் கதையைச் சொல்பவர்கள் ஒருவரும் அந்தச் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்வதில்லை. நாம் செய்து பார்ப்போம். வேற்றுக் கிரகவாசிகள் உண்டா இல்லையா என்ற பெரிய கேள்விக்குள் இங்கே நுழைய வேண்டியதில்லை. அண்டத்தில் எங்கோ உயிர்கள் இருக்கலாம். 1989 மார்ச் 27 அன்று அவை இந்தக் கலத்தைத் தாக்கினவா என்பதே இங்கு வழக்கு.

முதலில் கலத்தைப் பற்றிச் சில விவரங்கள். சோவியத் நாடு 1988 ஜூலை 7 அன்று போபோஸ்-1 கலத்தையும், ஜூலை 12 அன்று போபோஸ்-2 கலத்தையும் பைக்கனூரிலிருந்து புரோட்டான் ராக்கெட்டுகளில் ஏவியது. ஒவ்வொன்றும் ஏவும்போது ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ளது. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, சுவீடன், ஆஸ்திரியா முதலிய பல நாடுகளின் கருவிகள் அவற்றில் இருந்தன. 1989 ஜனவரி 29 அன்று போபோஸ்-2 செவ்வாயைச் சுற்றும் பாதையில் புகுந்தது. பிறகு படிப்படியாகப் பாதையை மாற்றி, போபோஸ் துணைக்கோளின் பாதைக்கு மிக அருகில் வந்து, ஏறக்குறைய அதே வேகத்தில் அதனோடு சேர்ந்து சுற்றத் தொடங்கிற்று. ஏப்ரல் தொடக்கத்தில் போபோஸின் தரைக்கு 50 மீட்டர் உயரம் வரை இறங்கி, இரண்டு சிறு கருவிப் பெட்டிகளை அங்கே விடவேண்டும் என்பது திட்டம். அவற்றில் ஒன்று தத்தித் தத்திச் செல்லக்கூடியது. போபோஸில் ஈர்ப்பு அவ்வளவு குறைவு. பூமியில் 60 கிலோ எடையுள்ள ஒருவரை அங்கே வில் தராசில் நிறுத்தினால் முள் சுமார் 35 கிராமைத்தான் காட்டும். சக்கர வண்டி அங்கே உருளாது, தத்துவதே எளிது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தரைக்கு மேலே மெல்ல நகரும்போது போபோஸின் மண்ணை லேசர் கதிரால் சுட்டு, எழும் ஆவியை ஆராய்வதற்கான கருவியும் கலத்தில் இருந்தது. ஆக, செவ்வாய்க்குப் பக்கத்தில் அன்று லேசர் வைத்திருந்தது யார் என்று கேட்டால், நாம்தான்!

பொய்யான சந்திரன்

போபோஸ் என்றாலே வேற்றுக் கிரகவாசிகள் நினைவுக்கு வருவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அதைக் கேலி செய்து ஒதுக்கக்கூடாது. 1945இல் ஷார்ப்லெஸ் என்ற அமெரிக்க வானியலாளர், போபோஸ் செவ்வாயை நோக்கிச் சிறிது சிறிதாகச் சரிந்து வருவதாகக் கணக்கிட்டார். அவர் கண்ட அளவு மிகப் பெரிதாயிருந்தது. 1950களின் இறுதியில் சோவியத் விஞ்ஞானி ஷ்க்ளோவ்ஸ்கி இதை எடுத்துக்கொண்டார். செவ்வாயின் மேல்வளியின் மிக மெல்லிய உராய்வு போபோஸை இந்த அளவுக்கு இழுக்கவேண்டுமானால், போபோஸ் மிகவும் லேசாயிருக்க வேண்டும். உள்ளே வெற்றிடம் உள்ள கூடாக இருக்க வேண்டும். இயற்கை அப்படி ஒரு கூட்டைச் செய்யாது. ஆகவே அது யாரோ செய்து வைத்த செயற்கைச் சந்திரனாக இருக்கலாம் என்றார். சிறுபிள்ளைப் பேச்சல்ல இது. ஷ்க்ளோவ்ஸ்கி முதல்தரமான வானியலாளர். அவர் எண்ணைக் காட்டிப் பேசினார்.

எண்ணைக் காட்டிப் பேசியதனால்தான் அதைச் சோதிக்கவும் முடிந்தது. பின்னர் எடுத்த அளவுகளில் சரிவின் வேகம் ஷார்ப்லெஸ் சொன்னதைவிடக் குறைவு என்று தெரிந்தது. மிச்சமுள்ள சரிவுக்குச் செவ்வாயின் தரையில் போபோஸ் எழுப்பும் ஓத விளைவே போதுமான காரணமாயிற்று. 1971இல் செவ்வாயை அடைந்த மாரினர்-9 போபோஸைப் படம் பிடித்தபோது, பள்ளங்கள் நிறைந்த, வடிவம் கோணிய ஒரு பாறைதான் தெரிந்தது. ஏறத்தாழ 27 கி.மீ. நீளம், 18 கி.மீ. குறுக்களவு. அதன் அடர்த்தி தண்ணீரைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு என்பதைச் செம்மையாக அளந்து சொன்னவற்றுள் நம் போபோஸ்-2 கலமும் ஒன்று. உட்கூடு காலியாக இருந்தால் இந்த அளவு வராது. நொறுங்கிய பாறையாக, இடைவெளிகள் நிறைந்து இருந்தால் வரும். இவ்வாறு செயற்கைச் சந்திரன் என்ற கருத்து மறைந்தது. ஒரு கருத்து பிறந்து, சோதிக்கப்பட்டு, தோற்று, மரியாதையுடன் விடைபெற்ற வரலாறு அது. 1989இல் பிறந்த கதைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஏன் என்பதைப் பார்ப்போம்.

கடைசி நாள்

மார்ச் 27 அன்று என்ன நடந்தது? இதைப் புரிந்துகொள்ளக் கலத்தின் உடலமைப்பில் ஒரே ஒரு செய்தி தெரிந்தால் போதும். கலத்தின் காமிராவும் சரி, பூமிக்குத் தகவல் அனுப்பும் பெரிய ஆண்டெனாவும் சரி, உடலோடு அசையாமல் பொருத்தப்பட்டவை. கழுத்தைத் திருப்ப முடியாதவன் ஒரு பக்கம் பார்க்க வேண்டுமானால் உடம்போடு திரும்ப வேண்டும் அல்லவா? அதே நிலைதான். போபோஸைப் படம் பிடிக்க வேண்டுமானால் கலம் முழுவதும் திரும்பவேண்டும். அப்போது ஆண்டெனா பூமியைப் பார்க்காது. ஆகவே எடுத்த படங்களைக் கலம் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் மறுபடி பூமியை நோக்கித் திரும்பி, அவற்றை அனுப்பும்.

மார்ச் 27 அன்று இதே முறையில் கலம் போபோஸை நோக்கித் திரும்பியது. படம் எடுக்கும் நேரம் முடிந்தது. கலம் பூமியை நோக்கித் திரும்பி அழைக்க வேண்டிய நேரம் வந்தது, அழைப்பு வரவில்லை. தரையிலிருந்து கட்டளைகள் போயின. செவ்வாய் அப்போது இருந்த தூரத்தில் ஒரு வானொலிச் சொல் போய்ச் சேரவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். பின்னர் சிறிது நேரம் மெலிந்த ஒரு குறியலை மட்டும் கிடைத்தது. அதில் படமும் இல்லை, கலத்தின் உடல்நிலையைச் சொல்லும் எண்களும் இல்லை. கலம் திசை தவறித் தாறுமாறாகச் சுழன்றுகொண்டிருக்கிறது என்பதை மட்டும் அதிலிருந்து ஊகிக்க முடிந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

இப்போது வாசகர் சற்று நின்று யோசிக்க வேண்டும். அன்று எடுத்த படங்கள் எங்கே? கலத்தின் நினைவகத்திலேயே இருந்துவிட்டன. பூமிக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. வந்து சேரவும் வழியில்லை. அப்படியானால் "தாக்குதலுக்கு முந்திய கணத்தில் அனுப்பிய கடைசிப் படம்" என்று நமக்குக் காட்டப்படுவது எது? எதுவாயிருந்தாலும் அது முன்பு ஒரு முறை எடுத்த படம். அதை எடுத்த பிறகு கலம் ஒழுங்காகப் பூமியை நோக்கித் திரும்பி, அதை அனுப்பி, அடுத்த கட்டளையையும் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறது. சுடப்பட்டு விழுந்தவன், தன்னைச் சுட்டவனின் படத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு, மறுபடியும் வேலைக்குப் போயிருக்கிறான்! கதையின் உயிர்நாடியே "அடுத்த கணம்" என்ற சொல்தான். அந்தச் சொல் பொய்யாகிவிட்டால் படத்துக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. இந்த ஓர் எளிய செய்தியை, நான் படித்த மர்மக் கட்டுரைகளில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஆண்டெனா எந்தப் பக்கம் பார்த்தது என்று கேட்க அவற்றை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இருபது கிலோமீட்டர்

படத்தையும் பார்த்துவிடுவோம். 1991இல் சோவியத் விமானச் சோதனையாளர் மரீனா போப்போவிச் அமெரிக்காவில் ஒரு படத்தைக் காட்டினார். ஜெட் விமானங்களில் பல சாதனைகளை நிறுவிய பெண்மணி அவர். விமானத்தைப் பற்றி அவர் பேசினால் வாய் மூடிக் கேட்கலாம். படத்தில் போபோஸும், அதன் அருகே ஒரு நீண்ட கோடும் தெரிந்தன. அந்தக் கோடு 20 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள பொருள் என்று சொல்லப்பட்டது. உலகப் பத்திரிகைகளுக்கு அது போதுமானதாயிற்று.

இந்த எண் எங்கிருந்து வந்தது? ஒரே ஒரு படத்தைப் பார்த்து ஒரு பொருளின் அளவைச் சொல்ல முடியாது. அதன் தூரமும் தெரியவேண்டும். தென்னை மரத்தின் மேலே பறக்கும் காக்கையும், வெகு உயரத்தில் போகும் விமானமும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிவதுண்டு. இரண்டையும் வேறுபடுத்திக் காண்பது நம் அனுபவம். கண்ணில் விழும் பிம்பம் அல்ல. விண்வெளியிலோ மரமும் இல்லை, மேகமும் இல்லை. கோடு காமிராவுக்கு வெளியே சில மீட்டர் தூரத்தில் மிதந்த ஒரு துணுக்காக இருந்தால் அதன் நீளம் ஒரு சாணுக்குள் அடங்கும். படத்தை மின் குறிகளாக மாற்றும் இடத்தில் ஏற்பட்ட பிழையானால் அதற்கு நீளமே கிடையாது. அது போபோஸுக்குப் பக்கத்தில் இருந்தது என்று முதலிலேயே வைத்துக்கொண்டால்தான் 20 கி.மீ. வரும். அதாவது நிரூபிக்க வேண்டியதைக் கைப்பிடியாக வைத்துக்கொண்டு அளந்திருக்கிறார்கள்.

சரி, உண்மையிலேயே 20 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். செவ்வாயின் இன்னொரு சந்திரனான டெய்மோஸ் அதைவிடச் சிறியது. அதை ஆசப் ஹால் என்பவர் 1877இலேயே வாஷிங்டனில் உள்ள தொலைநோக்கி வழியாகக் கண்டுபிடித்துவிட்டார். நூறாண்டுக்கு முந்திய கருவிக்குத் தப்பாத அளவுள்ள ஒரு பொருள், அதன் பின் வந்த எல்லாக் கருவிகளின் கண்ணிலும் மண்ணைத் தூவியிருக்கிறது. 1970களின் வைகிங் கலங்களும், 1997 முதல் 2006 வரை சுற்றிய மார்ஸ் குளோபல் சர்வேயரும், நம் மங்கள்யானும் அதைக் காணவில்லை. வந்தது, சுட்டது, போய்விட்டது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் மறுக்க முடியாது. ஷ்க்ளோவ்ஸ்கியின் சந்திரனை மறுக்க முடிந்தது. இதை மறுக்க முடியாது. இதன் பலமாக இதைச் சிலர் கருதுகிறார்கள். பலவீனமே இதுதான்.

செவ்வாயின் மேல் ஒரு நிழல்

கதைக்காரர்களின் இரண்டாவது சாட்சியம் இதைவிடச் சுவையானது. ஏனெனில் இது பொய்ப்படம் அல்ல, நல்ல படம். கலத்தில் 'டெர்மோஸ்கான்' என்று ஒரு கருவி இருந்தது. அர்னோல்ட் செலிவானவ் தலைமையில் உருவான அது, செவ்வாயின் தரை வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களைப் பிடித்து வெப்பப் படம் தரும். அப்படங்களில் நீண்டு மெலிந்த, இருமுனையும் கூரான ஒரு கரும்பட்டை செவ்வாயின் தரைமேல் விழுந்திருந்தது. போபோஸ் உருளைக்கிழங்கு வடிவமானது. அதன் நிழல் இப்படி நீண்டிருக்க முடியாது. ஆகவே இது வானில் நின்ற வேறொரு நீண்ட கலத்தின் நிழல் என்று வாதம் எழுந்தது.

உங்களில் பலர் ஜெராக்ஸ் எந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக்குக் கீழே ஒளிப்பட்டை ஒன்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கிறது. அது நகரும்போது, வைத்த தாளையும் அதே திசையில் மெல்ல இழுத்துப் பாருங்கள். எழுத்துகள் ரப்பர் போல் நீண்டு விழும். தாளை ஒளிப்பட்டையின் வேகத்துக்கே இழுத்தால் ஓர் எழுத்தின் ஒரு பகுதியே பக்கம் முழுவதும் கோடாக ஓடிவிடும்.

டெர்மோஸ்கானும் இப்படித்தான் வரி வரியாகப் படம் எடுக்கும் கருவி. சாதாரணக் காமிரா போல் ஒரே நொடியில் முழுக்காட்சியையும் பிடிப்பதில்லை. கலம் நகர நகர அடுத்தடுத்த வரிகள் சேர்ந்து படமாகும். அக்கருவி சூரியனுக்கு நேர் எதிர்த்திசையைப் பார்க்கும்படி பொருத்தப்பட்டிருந்தது. போபோஸின் நிழல் விழுவதும் சூரியனுக்கு எதிர்த்திசையில்தான். கலமும் போபோஸும் ஏறக்குறைய ஒரே பாதையில், ஒரே வேகத்தில் போகின்றன. ஆகவே கருவி பார்க்கும் இடமும் போபோஸின் நிழலும் செவ்வாயின் தரைமேல் ஜோடியாக ஓடுகின்றன. ஒவ்வொரு வரி எடுக்கும்போதும் நிழல் வரிக்குள்ளேயே இருக்கிறது. மெல்ல மெல்லத்தான் விலகுகிறது. விளைவு, ஜெராக்ஸில் இழுபட்ட எழுத்து. அதே நிழலைப் பின்னாளில் வேறு கலங்கள் சாதாரண முறையில் படம் பிடித்திருக்கின்றன. அங்கே அது இப்படி இழுபடவில்லை. செவ்வாயின் தரையிலிருந்தே போபோஸ் சூரியனைக் கடந்து போவதை 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி படம் எடுத்தது. கோணல்மாணலான அதே உருளைக்கிழங்குதான்.

இத்துடன் நின்றால் மறுப்பு மட்டும்தான் மிஞ்சும். ஆனால் அந்த நீண்ட நிழலைக் கொண்டு விஞ்ஞானிகள் செய்த வேலையை அறிந்தால் வாசகர்கள் மகிழ்வார்கள். வெயிலில் நிற்கும் ஒரு பாறையையும் அதன் அருகே உள்ள மணலையும் ஒரே நேரத்தில் குடையால் மறைத்தால் எது முதலில் குளிரும்? மணல்தான். பாறை தன்னுள் வாங்கிய வெப்பத்தை விடாமல் வைத்திருக்கும். போபோஸின் நிழல், செவ்வாயின் தரைமேல் ஓடும் ஒரு குடை. எந்த இடத்தையும் அது அரை நிமிட அளவுக்கே மறைக்கிறது. அவ்வளவு சிறிய நேரத்தில் குளிர்ச்சி ஆழத்துக்கு இறங்காது. தரையின் மேல்தோலை மட்டுமே தொடும். ஆகவே எவ்வளவு குளிர்ந்தது என்று அளந்தால் மேலுள்ள சில மில்லிமீட்டர் அளவில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் புரூஸ் மரே, பெட்ஸ் முதலியோர் சோவியத் விஞ்ஞானிகளின் படங்களை வைத்து இந்தக் கணக்கைச் செய்து 1990களில் வெளியிட்டார்கள். வேறு எந்த வழியிலும் அன்று அவ்வளவு மெல்லிய படலத்தை அளக்க முடிந்திராது. சந்தேகத்துக்குரிய ஆசாமியின் நிழலென்று கைகாட்டப்பட்டது, மண்ணை அளக்கும் கோலாயிருந்தது.

கலம் உயிரோடிருந்த இரண்டு மாதத்தில் இதுபோல் இன்னும் சில கிடைத்தன. செவ்வாயின் காற்று சூரியக் காற்றால் அரிக்கப்பட்டு, விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ என்ற அளவில் விண்வெளிக்குத் தப்பிப் போவதை அதிலிருந்த சுவீடன் நாட்டுக் கருவி கண்டது. ஒரு காலத்தில் நீர் ஓடிய செவ்வாய் இன்று ஏன் வறண்டு கிடக்கிறது என்ற கேள்விக்கு அது ஒரு பெரிய தடயம். போபோஸ்-2 பற்றி நூறு பேரிடம் கேளுங்கள். சுருட்டு வடிவக் கலத்தை அறிந்தவர்கள் பலர் இருப்பார்கள். தப்பிப்போகும் காற்றை அறிந்தவர் ஒருவராவது இருந்தால் நல்லது.

நூலும் நோயும்

இந்தக் கதைக்கு நூல் வடிவம் தந்தவர்களில் முக்கியமானவர் செக்கரியா சிட்சின். சுமேரியரின் களிமண் பலகைகளைத் தம் விருப்பப்படி படித்து, நிபிரு என்ற கோளிலிருந்து வந்தவர்களே மனிதனைப் படைத்தார்கள் என்று எழுதிப் புகழ் பெற்றவர். அவருடைய 'ஜெனிசிஸ் ரீவிசிட்டட்' என்ற நூல் 1990இல், அதாவது கலம் மறைந்த மறு ஆண்டே வெளிவந்தது. அதில் போபோஸ் பற்றிய அத்தியாயம், நடந்தது கோளாறா நட்சத்திரப் போரா என்று தலைப்பிலேயே கேட்கிறது. கேள்வியை இப்படி இரண்டாகப் பிரித்து வைப்பதிலேயே சாமர்த்தியம் இருக்கிறது. இரண்டுக்கும் சம எடை இருப்பது போன்ற தோற்றம் வந்துவிடுகிறதல்லவா? ஒரு வீட்டில் விளக்கு அணைந்தால் "பியூஸ் போயிற்றா, பேய் வந்ததா?" என்று கேட்பதைப் போன்றது இது. பேயை நம்பாதவனும் பேயைப் பற்றிப் பேசத்தான் வேண்டியிருக்கும்.

பியூஸைப் பார்ப்போம். முதலில் போபோஸ்-1. அது செவ்வாயை எட்டவே இல்லை. 1988 ஆகஸ்டு இறுதியில் தரையிலிருந்து அனுப்பிய நீண்ட கட்டளை வரிசையில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று. கட்டளை சரிபார்க்கப்படாமலே போய்விட்டது. குறைப்பட்ட அந்தக் கட்டளை, தரைச் சோதனைக்காக எழுதிக் கணிப்பொறியிலேயே விட்டுவைத்திருந்த ஒரு நிரலை எழுப்பிவிட்டது. அது, கலத்தைத் திசை மாறாமல் பிடித்து நிறுத்தும் உந்துகருவிகளை அணைத்தது. கலம் மெல்லச் சாய்ந்தது; சூரியத் தகடுகள் வெயிலை விட்டு விலகின; மின்கலங்கள் தீர்ந்தன. செப்டம்பர் 2 அன்று அழைத்தபோது பதில் இல்லை. ஒரே ஓர் எழுத்து! தமிழ் அச்சகங்களில் பிழை திருத்துவோர் இதை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

போபோஸ்-2இன் நோய் வேறு. அதன் கட்டுப்பாட்டுக் கணிப்பொறியில் மூன்று செயலகங்கள் இருந்தன. மூன்றும் ஒரே கணக்கைத் தனித்தனியே செய்து, வாக்களிக்கும். இரண்டு ஒத்துப்போனால் அதுவே முடிவு. ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டும் சமாளித்துக்கொள்ளும் என்பது எண்ணம். பின்னாளில் வெளியான விவரங்களின்படி, ஒன்று ஏற்கெனவே செத்துவிட்டது; இரண்டாவது தடுமாறத் தொடங்கியிருந்தது. மூன்றாவது நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை. இரண்டு வாக்குக்கு எதிரே ஒரு வாக்கு எடுபடாது. பஞ்சாயத்தில் இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்துவிட்டால் மூன்றாமவர் தீர்ப்புச் சொல்ல முடியாதல்லவா? ஒன்றைக் கொண்டே ஓட்டும்படி விதியை மாற்ற இடம் வைக்கவில்லை. முதன்மை ஒலிபரப்பியும் முன்பே பழுதாகி, வலிமை குறைந்த மாற்று ஒலிபரப்பியில்தான் கலம் பேசிக்கொண்டிருந்தது. அதாவது மார்ச் 27 அன்று ஆரோக்கியமான ஒருவர் திடீரென்று சாகவில்லை. நெடுநாள் நோயாளி இறந்தார்.

விசாரணை கணிப்பொறிக் கோளாறு என்றே முடிவு செய்தது. அது நேரில் கண்ட சாட்சியம் அல்ல. ஊகத்தால் வந்த முடிவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசி மணி நேரத்தின் பதிவுகள் பூமிக்கு வரவில்லை. அந்த வகையில் "விளக்கப்படாத மறைவு" என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் ஒருவர் இறந்த நேரத்தில் மருத்துவர் பக்கத்தில் இல்லை என்பதற்கும், அவரை யாரோ கொன்றார்கள் என்பதற்கும் எவ்வளவு தூரம்! சோவியத் அதிகாரிகள் மீதும் குற்றம் உண்டு. படங்களையும் விவரங்களையும் தாராளமாக உடனே கொடுத்திருந்தால் கதைக்கு இவ்வளவு கால் முளைத்திராது. பல ஆண்டுகள் தோல்விகளை மறைத்தே பழகியவர்கள் ஒருநாள் உண்மை சொன்னாலும் ஊர் நம்புவதில்லை.

இந்தக் கதையை நான் வெறும் பொழுதுபோக்கு என்று விட்டுவிடாததற்குக் காரணம் வேறொன்று. வேற்றுக் கிரகவாசியே குற்றவாளி என்றால், மற்ற எல்லோரும் விடுதலை. மூன்றில் இரண்டு கெட்டால் என்ன செய்வது என்று யோசிக்காத வடிவமைப்பாளர் விடுதலை. கலம் தடுமாறினால் தானே சூரியனை நோக்கித் திரும்பி, மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுப் பூமியை அழைத்துக் காத்திருக்கும் ஏற்பாட்டைச் செவ்வனே செய்யாதவர் விடுதலை. அவசரப்படுத்திய மேலதிகாரி விடுதலை. அடுத்த கலத்திலும் அதே ஓட்டை இருக்கும்.

இது வெறும் வாதத்துக்காகச் சொல்வதல்ல. 2011 நவம்பரில் ரஷ்யா போபோஸ்-கிரண்ட் என்ற கலத்தை ஏவியது. போபோஸிலிருந்து மண் எடுத்து வரும் திட்டம் அது. கலம் பூமியைச் சுற்றும் பாதையை விட்டே நகரவில்லை; 2012 ஜனவரி 15 அன்று கடலில் விழுந்தது. விழுவதற்குச் சில நாள் முன்பு ரஷ்ய விண்வெளித்துறைத் தலைவர் போபோவ்கின், வெளியார் கை இருக்கலாம் என்று பொருள்படப் பத்திரிகைக்குப் பேசினார். பின்னர் வந்த விசாரணை அறிக்கையில், கணிப்பொறியின் இரண்டு பகுதிகள் ஒரே நேரத்தில் நின்று மீண்டும் தொடங்கியதாகவும், விண்வெளிக் கதிர்த்துகள்கள் தாக்கியது காரணம் என்றும் கண்டிருந்தது. விண்வெளிக்குத் தகுதி பெறாத மின்னணுச் சில்லுகள் அதில் இருந்தன என்ற குறையும் வெளிவந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதே சந்திரனை நோக்கி, மறுபடியும் கணிப்பொறி! வானத்தில் எதிரியைத் தேடிய கண், கையில் இருந்த சில்லைப் பார்க்கவில்லை.

மறைந்த கலங்கள் எல்லாம் மர்மமாகவே இருந்துவிடுவதில்லை. 2003 டிசம்பர் 25 அன்று செவ்வாயில் இறங்க வேண்டிய பிரிட்டனின் பீகிள்-2 கலத்திலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பதினோரு ஆண்டுகள் ஊகங்கள்தான். 2015 ஜனவரியில், செவ்வாயைச் சுற்றும் அமெரிக்கக் கலத்தின் படங்களில் அது கண்டுபிடிக்கப்பட்டது. பத்திரமாகவே தரையிறங்கியிருந்தது. ஆனால் பூவிதழ் போல் விரிய வேண்டிய சூரியத் தகடுகள் முழுவதும் விரியவில்லை. ஆண்டெனா விரியாத தகட்டின் அடியில் மாட்டிக்கொண்டதால் பேச முடியாமற்போயிற்று.

நம் சந்திரயான்-2இன் விக்ரம் இறங்குகலம் 2019 செப்டம்பர் 7 அதிகாலை நிலாவில் மோதி மறைந்தபோது, நம்மிடையேயும் கதைகள் கிளம்பாமலில்லை. அதே மாத இறுதியில் நாசா அப்பகுதியின் படத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. சென்னையில் இருந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், விண்வெளித் துறையில் வேலை பார்ப்பவர் அல்லர். அந்தப் படத்தையும், மோதலுக்கு முன்பு அதே இடத்தில் எடுத்த பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து, புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். பழையதில் இல்லாத ஒரு வெண்புள்ளி புதியதில் இருந்தது. அதைக் குறிப்பிட்டு நாசாவுக்கு எழுதினார். அவர்கள் மேலும் படங்கள் எடுத்துச் சரிபார்த்து, அது விக்ரமின் சிதறல்தான் என்று டிசம்பர் தொடக்கத்தில் அவர் பெயரோடு அறிவித்தார்கள். அந்தப் படங்கள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன, கட்டணம் ஏதுமில்லை.